வெளியளவும் உள்ளளவும்

பழைய மரப்பெட்டியில் ரகசிய அறை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஓர் அளவு டேப் போதும். வெளிப்புற உயரத்தை அளக்க வேண்டும். மூடியைத் திறந்து உள்ளாழத்தை அளக்க வேண்டும். மூடியின் கனத்தையும் அடிப்பலகையின் கனத்தையும் சேர்த்துக் கழித்துப் பார்க்க வேண்டும். கணக்கு நேரானால் பெட்டி யோக்கியமானது. ஓர் அங்குலம் துண்டு விழுந்தால், அந்த அங்குலம் பெட்டிக்குள்தான் எங்கோ இருக்கிறது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தாம்பரம் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பல்லாவரத்தைவிடத் தோதான இடம் இல்லை. பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில், செடிக்கன்றுகளுக்கும் மீன்தொட்டிகளுக்கும் கழற்றிப்போட்ட கணினி உறுப்புகளுக்கும் நடுவே பழைய மரச்சாமான்களும் வந்து இறங்கும். பரங்கிமலையில் மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடமும் பல்லாவரத்தில் கன்டோன்மென்ட்டும் இருந்த வட்டாரம் இது. அதனால் இரண்டு விதமான பெட்டிகளை இங்கே எதிர்பார்க்க வரலாற்று நியாயம் உண்டு. ஒன்று, வெள்ளைக்கார அதிகாரி முகாமுக்கு முகாம் தூக்கிக்கொண்டு போன எழுதுபெட்டி. மற்றது, நம் கடைக்காரரின் கல்லாப்பெட்டி. இரண்டிலும் கள்ளறை வைப்பதுண்டு.

கல்லாப்பெட்டி தரையில் உட்காருகிறவருக்காகச் செய்யப்பட்டது. மூடி சரிவாக இருக்கும். அதன் மேல் பேரேட்டை வைத்து எழுதலாம். உள்ளே காசுகளைப் பிரித்துப் போட அறைகள், சில பெட்டிகளில் விரலால் காசை வழித்தெடுக்க வசதியாகக் கிண்ணம்போல் குடைந்த குழிகள். மூலைகளில் பித்தளைத் தகடு. பூட்டு வெளியே தெரியும்படி, நன்றாகவே தெரியும்படி, இருக்கும். கள்ளறை இருந்தால் அது காசுத் தட்டுக்கு அடியில் இருக்கும். அல்லது பின்பலகை இரட்டையாக இருக்கும். அல்லது இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள தடுப்பு மேல்நோக்கி உருவிக்கொண்டு வரும். அது போன இடத்தில் ஒரு சிறு இழுப்பறையின் முகம் தெரியும். அன்றாட வியாபாரப் பணம் பூட்டுக்குள், பத்திரமும் பவுனும் பூட்டுக்கு அப்பால் என்பது ஏற்பாடு. பூட்டை உடைத்தவன் கிடைத்ததை அள்ளிக்கொண்டு போய்விடுவான். அவனுக்குக் கிடைக்கவேண்டியது கிடைத்துவிட்டது என்ற திருப்தியைத் தருவதற்குத்தான் அந்தப் பூட்டே.

நம் அடுக்களைகளில் மிளகும் சீரகமும் இருக்கும் அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் ரூபாய் நோட்டு ஒளிந்திருந்ததும் இதே தர்க்கத்தால்தான். அதற்குப் பொறி எதுவும் தேவைப்படவில்லை. வீட்டு ஆண்கள் அந்தப் பெட்டியைத் தொடமாட்டார்கள் என்ற உறுதியே தாழ்ப்பாளாக இருந்தது.

எழுதுபெட்டியின் தந்திரம் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய எழுதுபெட்டிகளில் மைக்கூடும் பேனாத் தட்டும் இருக்கும் பகுதியை ஒட்டி ஒரு மெல்லிய பலகை நிற்கும். அது வெறும் மறைப்புப் பலகை என்றுதான் தோன்றும். மைக்கூட்டை எடுத்துவிட்டு, ஓரத்தில் உள்ள மரப்பட்டையை அழுத்தினால், பின்னால் வளைந்து நிற்கும் வில் அந்தப் பலகையை உந்தித் தள்ளும். பின்னால் இரண்டோ மூன்றோ குட்டி இழுப்பறைகள். இதே வெள்ளைக்கார அதிகாரிகளுக்காக விசாகப்பட்டினத்துக் கைவினைஞர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே தந்தம் பதித்த பெட்டிகளைச் செய்துகொண்டிருந்தார்கள். ஐரோப்பிய வடிவமைப்பைக் கிழக்குக் கடற்கரைக் கைகள் உள்வாங்கிக்கொண்ட இடங்களில் விசாகப்பட்டினம் முக்கியமான ஒன்று. ஆனால் அந்தப் பெட்டிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் தந்தத்தைப் பற்றியே பேசிவிட்டு, உள்ளே இருக்கும் தச்சை விட்டுவிடுகிறார்கள்.

மறைபொறியின் அடிப்படை இதுதான். மரச்சாமான்களில் எது அசையும், எது அசையாது என்று நம் கண்ணுக்கு ஒரு பழக்கம் படிந்திருக்கிறது. மூடி, கதவு, இழுப்பறை ஆகியவை அசையும். கால், அடிப்பட்டை, மூலைச்சட்டம், தடுப்பு, அலங்கார வளைவு ஆகியவை அசையாது. கள்ளறை செய்கிற தச்சர் இந்த எல்லையை மட்டும் மாற்றுகிறார். அசையாதது என்று நாம் முடிவு செய்துவிட்ட உறுப்புகளில் ஒன்றுக்கு அசைவு கொடுக்கிறார். பொறி எவ்வளவு சிக்கலானது என்பது இரண்டாம் விஷயம். உதயணன் கதையில் மரத்தால் செய்த யானைக்குள் வீரர்களை ஒளித்துவைத்து அவனைப் பிடித்தார்கள். யானைப் பித்துப் பிடித்த ஓர் அரசனுக்குக் காட்டில் யானை நிற்பது இயல்பாகத் தோன்றும் என்பதுதான் அதில் உள்ள நுட்பம். குதிரைப் பித்தன் ஒருவனுக்கு அந்த யானை பயன்பட்டிருக்காது.

பொறியின் சிக்கலையே பெருமையாக்கியவர்களும் உண்டு. ஜெர்மனியின் நோய்வீட் நகரத்தில் பட்டறை வைத்திருந்த டேவிட் ரோன்ட்கன் (1743-1807) செய்த பெர்லின் அலமாரி சுமார் 3.6 மீட்டர் உயரம். பிரஷ்யாவின் இரண்டாம் பிரெடெரிக் வில்லியத்திடம் இருந்தது. இன்று பெர்லின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு சாவியைத் திருப்பினால் கதவு விரியும், மேசை நீளும், பக்கவாட்டில் இழுப்பறைகள் தாமாக முளைக்கும். அதில் எதையும் ஒளிக்க முடியாது என்பது என் எண்ணம். அவ்வளவு பெரிய சாமானைப் பார்த்தவுடன் யாரும் அதில் ரகசியம் இருக்கும் என்றுதான் தேடத் தொடங்குவார்கள். அரசவையில் விருந்தினருக்குத் திறந்து காட்டி வியக்கவைக்கச் செய்த பொருள் அது.

இங்கே ஒரு பிரிவினை செய்துகொள்வது நல்லது. கள்ளறைப் பெட்டி கண்டுபிடிக்கப்படாமல் இருக்க விரும்புகிறது. புதிர்ப்பெட்டி, தாமதமாகவேனும் கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்று விரும்புகிறது. முன்னதைச் செய்தவர் ஆர்வம் இல்லாத, அவசரத்தில் இருக்கும் திருடனை எதிர்பார்த்தார். பின்னதைச் செய்கிறவர் பொறுமையும் நேரமும் உள்ள ஒருவரை எதிர்பார்க்கிறார். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு செய்யும் பெட்டிகள் இரண்டுக்கும் உதவாமல் போகின்றன.

புதிர்ப்பெட்டியின் தலைநகரம் என்று ஓர் இடத்தைச் சொல்ல வேண்டுமானால் அது ஜப்பானின் ஹகோனே மலைப்பகுதி. அன்று எடோ என்று அழைக்கப்பட்ட டோக்கியோவையும் கியோட்டோவையும் இணைத்த டோகைடோ பெருவழியில், வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஊர்கள். அங்கே ஹடாஜுகு என்ற கிராமத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இஷிகாவா நிஹெய், பல நிற மரத்துண்டுகளை ஒட்டிக் கோலம்போல் வடிவம் வரவழைக்கும் ‘யோசெகி’ வேலையைத் தொடங்கிவைத்தவராகச் சொல்லப்படுகிறார். சாயம் கிடையாது, எல்லாம் மரத்தின் இயல்பான நிறம். ஒட்டிய கட்டையை இழைப்புளியால் காகிதம்போல் சீவி, அந்தச் சீவலைப் பெட்டியின் மேல் ஒட்டுவார்கள். இதன் தொடர்ச்சியாக மெய்ஜி காலத்தில் உருவானதுதான் ‘ஹிமிட்சு பாகோ’ எனும் ரகசியப் பெட்டி. ஜப்பான் அரசு ஹகோனே யோசெகியை 1984இல் மரபுக் கைவினையாக அங்கீகரித்தது. 1999இல் அகியோ கமேய் முதலானவர்கள் சேர்ந்து தொடங்கிய கராகுரி படைப்புக் குழு, பழைய அமைப்பை விட்டு விலகிப் புதிய பொறிகளைச் செய்கிறது.

ஹிமிட்சு பாகோவில் பூட்டு இல்லை, சாவி இல்லை, கீல்கூட இல்லை. ஒரு பக்கப் பலகையைச் சில மில்லிமீட்டர் கீழே நகர்த்தினால் பக்கத்துப் பலகை விடுபடும். அதை நகர்த்தினால் முதல் பலகை இன்னும் கொஞ்சம் இறங்கும். இப்படி மாறிமாறி நகர்த்திக் கடைசியில்தான் மேல்மூடி வழுக்கிக்கொண்டு திறக்கும். நான்கு அசைவில் திறப்பது உண்டு, பத்து, இருபத்தொன்று, எழுபத்திரண்டு அசைவில் திறப்பதும் உண்டு. பலகைகளின் ஓரத்தில் காடியும் நாக்கும். ஒவ்வொரு பலகையின் நாக்கும் அடுத்த பலகையின் பாதையை மறித்து நிற்கிறது. மேலே ஒட்டியிருக்கும் கோலத்துக்கு அழகைத் தாண்டி ஒரு வேலை உண்டு: பலகைகள் சந்திக்கும் கோட்டை அது கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

நம் ஊருக்கு இது அந்நியமாகத் தோன்றலாம். உண்மையில் இதே தத்துவம் ஒரு காலத்தில் நம் கடைத்தெருக்களில் ஆளுயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. இரும்பு ஷட்டர் வருவதற்கு முன் கடைகளை மூடிய பலகைக் கதவைச் சொல்கிறேன். மேலும் கீழும் காடி வெட்டிய சட்டம். ஒரு முனையில் மட்டும் காடி திறந்திருக்கும். அந்தத் திறப்பு வழியாக முதல் பலகையைச் செருகி மறுகோடிவரை தள்ள வேண்டும். பிறகு இரண்டாவது, மூன்றாவது. கடைசிப் பலகை திறப்பில் வந்து நிற்கும். அதற்குத்தான் தாழும் பூட்டும். அந்த ஒன்றை எடுக்காமல் மற்ற எதையும் எடுக்க முடியாது. வரிசை மாறினால் பலகை பொருந்தாது என்பதால் ஒவ்வொன்றிலும் எண்ணோ உளிக் கீறலோ இருக்கும். கடைப்பையன் தினமும் காலையில் ஒரு புதிரை அவிழ்த்தான், இரவில் அதைக் கட்டினான். யாரும் அதைப் புதிர் என்று நினைக்கவில்லை, ஏனென்றால் விடை பலகையிலேயே எழுதியிருந்தது.

முட்டுக்காட்டில் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் செட்டிநாட்டு வீட்டின் தூண்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்குள்ள பழைய வீடுகள் வேறு ஊர்களில் பிரிக்கப்பட்டு, துண்டு துண்டாகக் கொண்டுவரப்பட்டு, மறுபடி பூட்டப்பட்டவை. கேரளத்து மரவீடுகளின் முன் நின்று அதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டைப் பிரித்து மறுபடி சேர்க்க முடிகிறது என்றால், கழுந்தும் துளையும் ஆப்பும் ஒரு வரிசையில் கட்டப்பட்டவை, எதிர் வரிசையில் அவிழக்கூடியவை என்று பொருள். கடைசியாகச் செருகிய ஆப்புதான் முதலில் வெளியே வரும். தச்சுக் கலைக்குள் அசைவுகளின் வரிசை எப்போதுமே இருந்திருக்கிறது. அதைச் சுருக்கி உள்ளங்கையில் வைத்து விளையாட்டாக்கியது ஹகோனே.

அதை நாம் ஏன் செய்யவில்லை என்று கேட்டால், வெந்நீர் ஊற்றுக்கு வந்து நினைவுப் பொருள் வாங்கிப்போகும் கூட்டம் கல்லாப்பெட்டித் தச்சருக்கு இல்லை என்பது பாதி விடை. கடைக்காரருக்கு எழுபத்திரண்டு அசைவு தேவையில்லை. இருட்டில், விளக்கில்லாமல், ஒரு கையால் திறக்கவேண்டிய ஒன்று அது. காஷ்மீரில் அக்ரூட் மரத்தில் செய்து விற்கும் ரகசியப் பெட்டிகள் சுற்றுலாவை நம்பி வளர்ந்தவை என்பது இந்த விடைக்குத் துணை நிற்கிறது. மீதிப் பாதி விடை, மரத்துக்கும் மழைக்கும் உள்ள வழக்கில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தாம்பரத்தில் உட்கார்ந்து இப்படி ஒரு பெட்டி செய்யப் பார்க்கிற யாரும் முதலில் தீர்க்கவேண்டிய வழக்கும் அதுதான்.

மரம் செத்த பிறகும் மூச்சு வாங்கும் என்று ஆசாரிகள் சொல்வது வெறும் பேச்சில்லை. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறதோ அதற்கேற்ப மரம் நீரை வாங்கும், விடும். முப்பது டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், மரத்துக்குள் அதன் எடையில் ஏறத்தாழ 11 சதவீதம் நீர் நிலைபெறும். ஈரப்பதம் 80 ஆனால் அது 15 சதவீதத்தைத் தொடும். சித்திரை வெயிலில் உலர்ந்த மதியத்துக்கும் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கும் நடுவே நம் வீட்டு மரங்கள் இந்த நான்கு சதவீதத்தை ஏறி இறங்குகின்றன. நீளவாக்கில் மரம் கிட்டத்தட்ட அசையாது. குறுக்குவாக்கில்தான் உப்பும், சுருங்கும். அதிலும் இரண்டு திசைகள் உண்டு. பச்சை மரம் முழுதும் உலரும்போது தேக்கு, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் 5 முதல் 6 சதவீதம் சுருங்குகிறது. நடுவிலிருந்து வெளியே போகும் ஆரத் திசையில் சுமார் 2.5 சதவீதம்தான்.

இதைப் பெட்டிக்குப் பெயர்த்துப் பார்க்கலாம். அகலம் 150 மில்லிமீட்டர் உள்ள தேக்குப் பலகை, வளையங்களை ஒட்டி அறுத்தது என்றால், அந்த நான்கு சதவீத ஈர மாற்றத்தில் சுமார் 1.2 மில்லிமீட்டர் அகலும். ஆர வாக்கில் அறுத்த பலகை என்றால் அரை மில்லிமீட்டர். தச்சர் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 1.2 மில்லிமீட்டர் என்பது கால் நூலுக்கும் அரை நூலுக்கும் இடைப்பட்டது. அலமாரிக் கதவுக்கு இது பொருட்டல்ல. கீலைத் தளர்த்தினால் தீர்ந்தது. ஆனால் பலகைகள் வழுக்கவேண்டிய புதிர்ப்பெட்டியில் காடிக்கும் நாக்குக்கும் நடுவே விடக்கூடிய இடைவெளி 0.2 மில்லிமீட்டர் போல. அதற்கு மேல் விட்டால் பலகை ஆடும். ஆடும் பலகை தன் ரகசியத்தைத் தானே சொல்லிவிடும். ஏப்ரலில் வழவழவென்று ஓடிய பெட்டி நவம்பரில் ஒற்றைக் கட்டையாகிவிடுவது இதனால்தான்.

தாம்பரத்துக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை எட்டரையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் இங்கே 49 செ.மீ. மழை பதிவானது. அடையாறு ஏறி முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்ந்த தெருக்களும் மூழ்கின. வெள்ளம் அத்தனை தூரம் வராத வீடுகளிலும் பீரோ இழுப்பறைகள் வாரக்கணக்கில் திறக்க மறுத்தன. தண்ணீரே தொடாத மரத்தைக் காற்றின் ஈரம் மட்டுமே பூட்டிப்போட்டது.

இடித்த வீட்டுத் தேக்கு வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதி சரி. பழைய மரத்தில் உள்ளிறுக்கம் தளர்ந்திருக்கும், முறுக்கிக்கொள்ளாது, வைரம் பாய்ந்த பகுதி தாராளமாகக் கிடைக்கும். ஆனால் காற்றிலிருந்து ஈரம் வாங்கும் குணம் ஐம்பது வருடத்தில் போய்விடுவதில்லை. அதோடு அந்தக் கட்டைகளில் முறிந்த ஆணி புதைந்திருக்கும். இழைப்புளியின் அலகு அதைச் சந்திக்கும் நொடியில் லாபக் கணக்கு மாறிவிடும்.

ஹகோனேயும் வறண்ட ஊர் இல்லை. கடைக்கோடிவரை துல்லியமாக இழைக்கும் கை, குறுகிய பலகை, நன்கு உலர்த்தித் தேர்ந்தெடுத்த மரம் என்று அவர்கள் இதைச் சமாளித்தார்கள். கல்லாப்பெட்டித் தச்சர் வேறு வழியில் போனார்: அசைவுகளைக் குறைத்தார், இடைவெளியைத் தாராளமாக விட்டார், அந்த இடைவெளி தெரியாதபடி மேலே ஒரு தட்டையோ பட்டையையோ வைத்தார். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் நம் பருவத்துக்கு ஒத்துவருவதாகப் படுகிறது. ரகசியத்தை இறுக்கத்தில் வைக்காமல், தளர்வாக ஓடும் ஒரு பொறியில் வைப்பது.

அத்தகைய பொறிகளில் மிகப் பழையது புவியீர்ப்பில் ஓடுவது. பண்டை எகிப்தின் மரப்பூட்டில் தாழ்க்கட்டையின் துளைகளுக்குள் மேலிருந்து மர முளைகள் விழுந்து நிற்கும். முளைகளுக்கு ஒத்த பற்கள் உள்ள மரச்சாவியால் அவற்றைத் தூக்கினால் தாழ் நகரும். வில் இல்லை, உலோகம் இல்லை. முளையின் எடை மட்டுமே. 1861இல் லைனஸ் யேல் காப்புரிமை பெற்ற பூட்டு, இதே எண்ணத்தை உலோகத்தில் சுருக்கி, எடைக்குப் பதில் வில்லை வைத்ததுதான். இன்று நம் வீட்டுக் கதவில் இருப்பது அதன் வாரிசு. சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு, பெட்டியையே சாய்த்து முளையை விலக்கினால் புதிர்ப்பெட்டி பிறந்துவிடுகிறது.

செய்முறையாக ஒன்றைச் சொல்கிறேன். 250க்கு 150 மில்லிமீட்டர் அளவில் சரிவு மூடி வைத்த சின்னக் கல்லாப்பெட்டி. பெட்டியைச் சுற்றி அடியில் ஓடும் அலங்கார அடிப்பட்டை ஓர் அங்குல உயரம். அந்தப் பட்டையின் குறுகிய பக்கத் துண்டு ஒன்று உண்மையில் ஓர் இழுப்பறையின் முகம். இழுப்பறை பெட்டியின் நீளவாக்கில் ஓடுகிறது. அதன் பக்கப்பலகைகள் நீளவாக்கில் இழை உள்ளவை. எனவே மழையில் அது நீளாது. அகலத்தில் உப்புவதற்காக இரு புறமும் ஒரு மில்லிமீட்டர் சும்மா விடலாம். முகத்துண்டு அந்த இடைவெளியை மூடிவிடும். இழுப்பறையின் அடித்தட்டுக்கு மெல்லிய பிளைவுட் போதும். இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்ட அதில் அசைவு மிகக் குறைவு. மரபுத்தச்சு அன்பர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

தாழ் இரண்டு முளைகள். முதல் முளை பெட்டியின் உடலில் சாய்வாகத் துளைத்த குழிக்குள் இருக்கிறது. அதன் சாய்வு கீழேயும் வலப்புறமும் நோக்கியது. பெட்டி நேராக இருக்கும்போது அது இழுப்பறையின் துளைக்குள் இறங்கிப் பூட்டும். இந்த முளை மட்டும் இருந்தால் பெட்டியைக் கவிழ்த்தாலே திறந்துவிடும், எல்லோரும் முதலில் செய்துபார்ப்பது அதைத்தான். அதனால் இரண்டாவது முளை: இதன் சாய்வு மேலேயும் வலப்புறமும் நோக்கியது. கவிழ்த்தால் முதல் முளை விலகும், இரண்டாவது விழுந்து பூட்டும். வலப்பக்கம் சாய்த்தால் இரண்டும் பூட்டும். இடப்பக்கம் கீழே வரும்படி நிறுத்தினால் மட்டுமே இரண்டும் தம் குழிக்குள் பின்வாங்கும், இழுப்பறை ஓடும். நான்கு மில்லிமீட்டர் முளைக்கு நாலரை மில்லிமீட்டர் துளை. இந்தத் தளர்வை எந்த மழையும் அடைக்க முடியாது.

முளைக்கு என்ன பொருள் என்பது கடற்கரைப் புறநகரின் கேள்வி. இரும்பு துருப்பிடித்துக் குழியில் ஒட்டிக்கொள்ளும். உப்புக்காற்று அடிக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு வருடம்கூடத் தாங்காது. பித்தளை பச்சை பூத்துச் சொரசொரக்கும். மரமுளை உப்பும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிதான் பொருத்தம், ஆனால் அது குலுக்கினால் சத்தம் போடும். பெட்டியைக் கையில் வாங்குகிற யாரும் முதலில் காதோரம் வைத்துக் குலுக்குவார்கள். குழியின் அடியில் ஒரு பொட்டுக் கம்பளித்துணி ஒட்டினால் சத்தம் பாதி அடங்கும். அதைவிடத் தந்திரமானது, எந்த வேலையும் செய்யாத இன்னொரு முளையை வேறு மூலையில் வேண்டுமென்றே கடகடக்க விடுவது. நேர்மையான புதிரில் அது கூடாது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. காதை ஏமாற்றுவதும் கண்ணை ஏமாற்றுவதைப் போன்றதுதானே என்பது என் பக்கம்.

மெருகு போடும்போது வெளியே மட்டும் போட்டு உள்ளே விட்டுவிடும் வழக்கம் இங்கே ஆபத்து. ஒரு முகம் ஈரத்தைத் தடுத்து மறுமுகம் வாங்கினால் பலகை வளையும். அரக்கோ பாலிஷோ, இரு முகத்துக்கும் ஒரே அளவில் போட வேண்டும். காடிக்குள் மட்டும் மெழுகு. எந்த மாதத்தில் செய்கிறோம் என்பதும் கணக்கு. கோடையில் இறுக்கமாகப் பொருத்தியது ஐப்பசியில் சிக்கும். மழைக்காலத்தில் பொருத்தியது கோடையில் சற்று லொடலொடக்கும், ஆனால் திறக்கும். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் நாள் முழுதும் ஏசி ஓடும் அடுக்ககத்துக்குப் போகப்போகிற பெட்டியும், ஓட்டு வீட்டில் இருக்கப்போகிற பெட்டியும் ஒரே மரத்தில் செய்தாலும் ஒரே அளவில் செய்யக்கூடாது.

பூட்டு ஊரான திண்டுக்கல்லைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அங்கே கையால் செய்யும் மாங்காய்ப் பூட்டில் நெம்புத் தகடுகள் ஒவ்வொன்றும் அரம் போட்டுச் சாவியின் பல்லுக்கு ஏற்ப ராவப்படுபவை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெம்புப் பூட்டின் அடிப்படை, 1778இல் லண்டனில் ராபர்ட் பாரன் காப்புரிமை பெற்ற எண்ணம்: தகடு போதுமான உயரத்துக்கு எழவேண்டும், அதற்கு மேலும் எழக்கூடாது. 1818இல் ஜெரமையா சப் செய்த பூட்டு இன்னும் ஒரு படி போனது: யாராவது தவறான சாவியால் நோண்டியிருந்தால், உரிமையாளர் அடுத்த முறை தன் சாவியைப் போடும்போது அது தெரிந்துவிடும். மரப்பெட்டியில் யாரும் அவ்வளவாக முயன்று பார்க்காத ஒரு வழி இது. யாரோ தேடியிருக்கிறார்கள் என்று சொல்லக்கூடிய பெட்டி. சாய்த்த திசைகளை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன உருண்டையும் ஒருவழிக் குழியும் போதும். தவறான பக்கம் கவிழ்த்தால் உருண்டை வேறு அறையில் விழுந்து கிடக்கும்.

கள்ளறையைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பொறி இல்லை, விரல்தான். அடிக்கடி தொடும் இடத்தில் வியர்வையும் எண்ணெயும் ஏறி மரம் மினுக்கும். அசையாத உறுப்பு என்று பார்வைக்குத் தோன்றும் ஒரு பட்டையின் மூலை மட்டும் கறுத்து வழவழத்திருந்தால், அங்கே யாரோ பல ஆண்டுகள் கைவைத்திருக்கிறார்கள். பழைய பெட்டிகளைப் பார்த்துப் பழகியவர்கள் டேப்பை எடுக்குமுன்பே பெட்டியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பது இதற்காக. அடுத்த அறிகுறி தூசி: நகரும் பலகை தன் பாதையில் தூசியைத் துடைத்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது காற்று. இறுக்கமாகச் செய்த பெட்டியில் ஓர் இழுப்பறையை வேகமாக மூடினால் உள்ளே அடைபட்ட காற்று இன்னொன்றைத் துளி வெளியே தள்ளும். தச்சரின் திறமையே அவரைக் காட்டிக்கொடுக்கும் இடம் இது. பின்பலகையில் ஒரு காற்றுத்துளை வைத்தால் தீரும். உட்புறத் தட்டுகளை வெவ்வேறு ஆழத்தில் வைத்தால் முதலில் சொன்ன அளவுக் கணக்கும் குழம்பும். நான்கு அறைகளில் எது சரியான ஆழம் என்று யாருக்கும் சட்டென்று தெரியாது.

இன்னொரு காரியம் மிச்சம் இருக்கிறது. ஹகோனே பெட்டிகளோடு திறக்கும் வரிசையை அச்சிட்ட தாள் ஒன்று தருவார்கள். கல்லாப்பெட்டியோடு அப்படி எதுவும் வந்ததில்லை. அப்பா மகனுக்குச் சொன்னால் உண்டு. சொல்லாமல் போனவர்களின் பெட்டி ஒருநாள் சந்தைக்கு வரும்போது வாங்குகிறவர் கடப்பாரையைத்தான் எடுப்பார். அதனால் அடிப்பலகையை ஒட்டிவிடாமல் நான்கு பித்தளைத் திருகாணியில் நிறுத்தி, அவற்றை ரப்பர் பாதங்களுக்குள் மறைத்துவிடலாம். மழையில் முளை சிக்கினாலும், செய்தவர் இல்லாமல் போனாலும், பாதத்தைப் பிடுங்கிப் பார்க்கத் தோன்றுகிற ஒரு தச்சர் பெட்டியை உடைக்காமல் திறப்பார். திறக்கும் வழியை எழுதிய தாளை அந்த அடிப்பலகையின் உட்புறத்தில் ஒட்டிவைக்கலாம், செய்த மாதத்தையும் சேர்த்து எழுதி.